நெஞ்சு படபடக்குதா? முதல்ல மணி என்னன்னு பாருங்க!

வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல நிறைய பேரோட புலம்பல் ஒண்ணேதான், "இசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா எனக்கு படபடப்பு இருக்கே!" அதனால மூட்டுவலிக்காரங்க, முடி கொட்டறவங்க எல்லாம் கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 44 வயசு, லாரி பட்டறையில மெக்கானிக். சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. பகல் முழுக்க டயர் தூக்கினாலும் ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா ராத்திரி நல்லா சாப்ட்டுட்டுப் படுத்தா ரெண்டு ரெண்டரை மணிக்கு முழிப்பு வந்துடுது, நெஞ்சுக்குள்ள மீன் துள்ளற மாதிரி தாறுமாறா அடிக்குது, விடியறதுக்குள்ள தானா நின்னுடுது. மூணு தடவை இசிஜி எடுத்தாச்சு, எல்லாம் நார்மல், கேஸ்தான்னு மாத்திரை குடுத்தாங்க. ஒருத்தர் மட்டும் படபடப்புக்குன்னு பீட்டா பிளாக்கர் எழுதினார், அதைப் போட்டதுக்கப்புறம் இன்னும் அடிக்கடி வருது. என் வீட்ல மனப்பிரமைங்கறாங்க. அப்படியா?
— வாசகர், நாமக்கல்

பதில்: பிரமை இல்லைங்க. நீங்க எழுதின ரெண்டு வரியில இருக்கற விஷயம் உங்க மூணு இசிஜியிலயும் இல்ல. ராத்திரி ரெண்டு மணி, வயிறு முட்ட சாப்பாடு, பகல்ல வேலை செஞ்சா வராது, பீட்டா பிளாக்கர் போட்டா கூடுது. இந்த நாலையும் சேர்த்துப் பாத்தா எனக்கு ஒரு சந்தேகம் வருது, அதை சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் மாட்டு வண்டி கதை பேசணும்.

இதயம் யாரும் ஓட்டாமலே நடக்கற மாடு. வலது மேலறையோட உச்சியில சைனஸ் முடிச்சுன்னு ஒண்ணு இருக்கு, அதுவே கரண்ட் உண்டாக்கி அதுவே அடிக்கும், மூளை வந்து சொல்ல வேண்டியதில்ல. சும்மா விட்டா அதோட சொந்த வேகம் நிமிஷத்துக்கு சுமார் 100. மாற்று இதயம் வச்சவங்களோட நாடியைப் பிடிச்சுப் பாத்தா இது தெரியும், ஆபரேஷன்ல நரம்பெல்லாம் வெட்டுப்பட்டிருக்கும்ல, அதனால சும்மா உக்காந்திருக்கும்போதே 90, 100, 110னு ஓடும். நமக்கெல்லாம் 70ல இருக்கறதுக்குக் காரணம் வண்டிக்காரன் மூக்கணாங்கயிறை எப்பவும் லேசா இழுத்துப் பிடிச்சிருக்கறதுதான். அந்தக் கயிறு பேரு வேகஸ் நரம்பு. அவன் இன்னொரு கையில தார்க்குச்சி இருக்கு, அது சிம்பதெடிக் நரம்பு, ஓடும்போது, பயப்படும்போது, மாமியார் திடீர்னு வந்து நிக்கும்போது குத்துறது அது. ஸ்கூல் புத்தகத்துல எதிர்ப்பரிவு, பரிவு, தானியங்கு நரம்பு மண்டலம்னு மனப்பாடம் பண்ணிட்டு மறந்திருப்போமே, அதேதான்.

இந்தக் கயிறு எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்ச கதையும் ராத்திரி சமாச்சாரம்தான். ஓட்டோ லோவின்னு ஒரு விஞ்ஞானி, ஆஸ்திரியாவுல கிராட்ஸ் ஊர்ல இருந்தார். அவர் சொன்ன கதைப்படி தூக்கத்துல ஒரு பரிசோதனை கனவா வருது, எழுந்து ஒரு துண்டுச் சீட்டுல கிறுக்கிட்டுத் தூங்கிட்டார், காலையில பாத்தா அவர் எழுத்து அவருக்கே புரியல. மறுநாள் ராத்திரி மூணு மணிக்கு அதே கனவு திரும்ப வந்திருக்கு, இந்தத் தடவை மனுஷன் நேரா லேபுக்கே ஓடிட்டார். ரெண்டு தவளை இதயத்தை உப்புத் தண்ணியில வச்சு, ஒண்ணோட வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவாச்சு. அந்த உப்புத் தண்ணியை எடுத்து இன்னொண்ணுல விட்டார், நரம்பே தொடாத அந்த ரெண்டாவது இதயமும் மெதுவாச்சு! அதாவது நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தை விடுது, அசிடைல்கோலின்னு பின்னாடி தெரிஞ்சுது. 1921ல வெளிவந்த வேலை, 1936ல ஹென்றி டேல் கூட சேர்ந்து நோபல் வாங்கினார்.

இப்ப உங்க கதைக்கு வரேன். தூங்கும்போதும் வயிறு நெறஞ்சிருக்கும்போதும் கயிறு இறுகும். முக்கால்வாசிப் பேருக்கு அதனால ஒரு கெடுதலும் இல்ல, நாடி 50க்குப் போகும், அவ்வளவுதான். ஆனா அசிடைல்கோலினுக்கு இன்னொரு குணம் இருக்கு, மேலறையோட தசை ஒரு தடவை அடிச்சதும் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும்ல, அந்த ஓய்வை அது சுருக்கிடும், அதுவும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சுருக்காது, இங்க அதிகம் அங்க கம்மி. அந்த நேரம் பாத்து ஒரு தப்பு அடி விழுந்தா கரண்ட் நேரா போகாம சிதறி, மேலறை முழுக்க நடுங்க ஆரம்பிக்கும். இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமா ஏஎஃப். பிரான்ஸ்ல பிலிப் கூமல்னு ஒரு இதய டாக்டர் இதை ரெண்டு ஜாதியா பிரிச்சுக் காட்டினார், பகல்ல ஓட்டத்துலயும் டென்ஷன்லயும் வர்ற தார்க்குச்சி ஜாதி, ராத்திரி ஓய்வுல, சாப்பாட்டுக்கப்புறம் வர்ற கயிறு ஜாதி. ரெண்டாவது பெரும்பாலும் உங்க வயசு ஆம்பளைங்களுக்கு, இதயத்துல வேற கோளாறே இல்லாதவங்களுக்கு வர்றதாத்தான் எழுதியிருக்கார். பீட்டா பிளாக்கர் என்ன பண்ணும்? தார்க்குச்சியைப் பிடுங்கி வச்சுடும். கயிறு மட்டும் மிச்சம். உங்களுக்கு ஏன் கூடுச்சுன்னு இப்ப புரியுதா?

எழுதிக் குடுத்தவரைத் திட்டாதீங்க, பகல் படபடப்புக்கு அது அருமையான மருந்து, அவர்கிட்ட நீங்க மணி சொல்லியிருக்க மாட்டீங்க. மாத்திரையை நீங்களா டக்குன்னு நிறுத்தவும் கூடாது, திடீர்னு விட்டா துடிப்பு எகிறும், அவர்கிட்டயே திரும்பப் போங்க. அடுத்த தடவை வரும்போது மணிக்கட்டுல ரெண்டு விரல் வச்சுப் பாருங்க. ஒரே சீரா போயி நடுவுல ஒண்ணு விட்டுப்போனா அது வேற, அடிக்கும் அடிக்கும் சம்பந்தமே இல்லாம, மழையில ஓட்டு மேல சொட்டற மாதிரி விழுந்தா ஏஎஃப் சந்தேகம். அப்பவே, அந்த நேரத்துலயே, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி தொறந்திருக்கோ அங்க போயி ஒரு இசிஜி எடுத்துடுங்க, காலைல பத்து மணிக்குப் போயி எடுத்தா நார்மலாத்தான் வரும். 24 மணி நேரமும் இசிஜியைப் பதிவு பண்ற ஹோல்டர் மெஷினை மாட்டினாலும் அன்னைக்குப் பாத்து வராமப் போகலாம், ஒரு வாரம் மாட்டற மாதிரி கேளுங்க. எக்கோ (இதய ஸ்கேன்), தைராய்டு ரெண்டும் பாத்துடணும். குறட்டை விடறீங்களான்னு வீட்ல கேளுங்க, தூக்கத்துல மூச்சு அடைபடறவங்களுக்கு ஏஎஃப் வர்றது ரொம்ப சகஜம், அதை சரி பண்ணாம இதை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தா ஆகாது. ராத்திரி சாப்பாட்டை ஏழரைக்கு முடிங்க, தண்ணி போடற பழக்கம் இருந்தா விடுங்க. ஏஎஃப்னு உறுதியாச்சுன்னா ரத்தம் உறைஞ்சு பக்கவாதம் வர்ற ஆபத்து எவ்வளவுன்னு வயசு, சுகர், பிரஷர் பாத்து டாக்டர் கணக்குப் போடுவார், உங்க விவரத்துக்கு கம்மியாத்தான் வரும்னு தோணுது. ரொம்ப தொல்லை குடுத்தா அப்லேஷன் இருக்கு, ரத்தக் குழாய் வழியா மெல்லிசு ஒயரை விட்டு கோளாறு கிளம்பற இடத்தை முடக்கற சிகிச்சை. இந்தத் தப்பு அடிங்க பெரும்பாலும் நுரையீரல்லேருந்து வர்ற ரத்தக் குழாய் வாயிலதான் கிளம்புதுன்னு 1998ல பிரான்ஸ்ல போர்டோ நகரத்து டாக்டர் ஹைசகேர் குழு காட்டினாங்க, அந்த வாய்களுக்குப் பக்கத்துக் கொழுப்புலதான் இந்தக் கயிறோட முடிச்சுகளும் கொத்துக் கொத்தா இருக்கு.

கேள்வி: மேடம், எனக்கு 32 வயசு, டீச்சர். வாசல்ல குனிஞ்சு கோலம் போட்டுட்டு நிமிரும்போது சுவிட்ச் போட்ட மாதிரி டப்புனு படபடப்பு ஆரம்பிக்குது, எண்ணவே முடியாத வேகம், கழுத்துல துடிக்கறது தெரியுது. இருபது நிமிஷம் கழிச்சு சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரியே நின்னுடுது. அப்புறம் ஒரு மணி நேரம் பாத்ரூமுக்கும் ரூமுக்குமா நடக்கறேன். கழுத்தை அமுக்கினா நின்னுடும்னு ஒரு வீடியோவுல பாத்தோம், செய்யலாமா?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: கழுத்துல கை வைக்காதீங்க. அங்க ரத்தக் குழாய்க்குள்ள அடைப்பு இருந்தா துண்டு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போயிடும், டாக்டருங்களே ஸ்டெத் வச்சுக் கேட்டுட்டுத்தான் செய்வாங்க. கண்ணை அமுக்கறதும் சில பேர் சொல்லுவாங்க, வேண்டவே வேண்டாம், விழித்திரை பிஞ்சுக்கும்.

உங்களுக்கு எஸ்விடின்னு, அதாவது இதயத்தோட மேல்பக்கத்துலேருந்து கிளம்பற அதிவேகத் துடிப்புன்னு சந்தேகப்படறேன். டப்புனு ஆரம்பிச்சு டப்புனு நிக்கறது, கழுத்துல துடிப்பு, அப்புறம் அந்த பாத்ரூம் நடை எல்லாம் அதோட அடையாளம் (மேலறை உப்பினதும் அங்கேருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி சிறுநீரகத்தைத் திறந்து விடுது, நீங்க குடிச்ச காபி மேல பழி போடாதீங்க). பெரும்பாலும் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கற ஏவி முடிச்சு வழியா கரண்ட் வட்டமடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த முடிச்சு வேகஸ் நரம்பு சொன்னா கேட்கும், ஒரே ஒரு நொடி அது கதவை மூடினா வட்டம் அறுந்துடும். அதனால நாம செய்ய வேண்டியது கயிறை ஒரு சுண்டு சுண்டறது.

முக்கறதுன்னு நம்ம ஊர்ல சொல்றது இதுக்குத்தான் உதவும், வால்சால்வான்னு பேரு. சும்மா முக்கினா பலன் கம்மி. 2015ல இங்கிலாந்துல 428 பேர்கிட்ட செஞ்சு பாத்தாங்க, உக்காந்தபடி முக்கினவங்கள்ல 17 சதவீதம் பேருக்குத்தான் நின்னுது, முக்கின உடனே படுக்க வச்சு காலைத் தூக்கினவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு நின்னுது. மருந்தே இல்லாம! செய்யற விதம் இதுதான்: தலையணை வச்சு பாதி சாஞ்சு உக்காரணும், ஊசி இல்லாத புது 10 மில்லி சிரிஞ்சை வாயில வச்சு உள்ள இருக்கற தண்டு நகர்ற அளவுக்கு 15 நொடி ஊதணும். முடிச்ச உடனே, ஒரு நொடி கூட தாமதிக்காம, பக்கத்துல இருக்கறவங்க தலையணையை உருவி உங்களை மட்ட மல்லாக்க சாய்ச்சு ரெண்டு காலையும் சாய்வா தூக்கி 15 நொடி பிடிச்சுக்கணும். அப்புறம் பழையபடி உக்காருங்க. ஊதும்போது இதயத்துக்குத் திரும்பற ரத்தம் கொறையுது, விட்டதும் கால்ல இருக்கறதும் சேர்ந்து ஒரேயடியா பாயுது, பிரஷர் எகிறுது, எகிறினதைப் பாத்த நரம்பு "ஏய் நிறுத்து"ன்னு கயிறை இழுக்குது. உங்க வீட்டுக்காரர்தான் காலைத் தூக்கணும், வீடியோ பாக்கறதை விட இது உருப்படியான வேலை.

ஆனா முதல் தடவை இதை டாக்டர் முன்னாடி கத்துக்கிட்டு செய்யுங்க, படபடப்பு இருக்கும்போது ஒரு இசிஜி, இல்லாதபோது ஒரு இசிஜி, ரெண்டும் வேணும். பிறவியிலேயே இதயத்துல கரண்டுக்குக் கூடுதலா ஒரு கம்பி ஓடற ஆளுங்க இருக்காங்க, அவங்களுக்கு வைத்தியம் வேற. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கண்ணை இருட்டறது இருந்தா சிரிஞ்செல்லாம் தேடாம 108க்கு போன் பண்ணுங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 12 வயசு. போன வருஷம் ஸ்கூல் ப்ரேயர்ல வெயில்ல நின்னு மயங்கி விழுந்தா, சத்துக் குறைவுன்னு டானிக் குடுத்தாங்க. இந்த லீவுல நீச்சல் கிளாஸ்ல நீந்திக்கிட்டே இருந்தவ அப்படியே அசையாம மிதந்துட்டா, கோச் தூக்கிட்டார். இதுவும் அதே மயக்கம்தானே?
— ஒரு தாய், மதுரை

பதில்: இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்னைக்கே இவங்களுக்கு போன் பண்ணிட்டேன், இங்க எழுதறது மத்த அப்பா அம்மாக்களுக்காக. அதே மயக்கம்னு நெனைக்கவே கூடாது.

ப்ரேயர் மயக்கம் எனக்கும் நல்லா பழக்கம். படிக்கற காலத்துல முதல் தடவை ஆபரேஷன் தியேட்டர்ல நின்னப்ப காது ஙொய்னு அடைச்சுது, உள்ளங்கை ஜில்லுன்னு வேர்த்துது, எதிர்ல இருக்கறவங்க எல்லாம் தூரமா போற மாதிரி இருந்துது, கண்ணைத் திறந்தப்ப தரையில கிடக்கேன், சீனியர் நர்ஸ் ஒருத்தங்க என் காலை ஸ்டூல் மேல தூக்கி வச்சுட்டு சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ரொம்ப நேரம் நின்னா ரத்தம் கால்ல தேங்குது, நரம்பு குழம்பிப்போயி கயிறை இழுத்து குழாயையும் தளர்த்திடுது, மூளைக்கு ரத்தம் கொறையுது, விழுந்ததும் சரியாயிடுது. நிறைய தண்ணி, உப்புப் போட்ட மோர், வர்ற மாதிரி இருந்தா காலைப் பின்னி இறுக்கறது, இல்ல உடனே உக்காந்துக்கறது, இது போதும். இதுக்கு பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்கும்.

ஓடும்போதும் நீந்தும்போதும், அறிகுறியே இல்லாம, சுவிட்ச் அணைச்ச மாதிரி விழறது தார்க்குச்சியோட வேலையா இருக்கலாம். லாங் க்யூடின்னு ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கு, ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதயம் ரீசார்ஜ் ஆக வழக்கத்தை விட நேரம் எடுக்கும். அதுல முதல் வகைக்காரங்களுக்கு உடற்பயிற்சி, முக்கியமா நீச்சல்தான் எமன். ரெண்டாவது வகைக்கு திடீர்ச் சத்தம், விடியக்காலை அலாரம், போன் மணி. மூணாவது வகைக்கு தூக்கம். ஒரே பேரு வச்ச நோய், ஆனா மூணு பேருக்கும் மூணு நேரம். சிம்பதெடிக் குத்தினதும் கீழறை கட்டுக்கடங்காம சுத்த ஆரம்பிச்சுடும், அது நிக்கலைன்னா உயிர் போயிடும். இசிஜியில அந்த ரீசார்ஜ் நேரத்தைக் காட்டற க்யூடி இடைவெளியை யாராவது ஸ்கேல் வச்சு அளந்து பாக்கணும், சும்மா மெஷின் நார்மல்னு அடிச்சுக் குடுத்தா போதாது. இசிஜி சாதாரணமா இருந்தும் ஓட்டத்துல மட்டும் வர்ற இன்னொரு வகையும் இருக்கு, அதுக்கு ட்ரெட்மில் டெஸ்ட் வேணும். நாமக்கல்காரருக்கு ஆகாத அதே பீட்டா பிளாக்கர்தான் இந்தக் குழந்தைங்களுக்கு உயிர் காக்கற மருந்து. அதுக்கும் அடங்கலைன்னா இடது பக்க சிம்பதெடிக் நரம்பையே ஆபரேஷன்ல வெட்டி விடறாங்க.

முடிவு தெரியற வரைக்கும் நீச்சல், ஓட்டம் கிடையாது. அண்ணன் தம்பி, அப்பா அம்மா எல்லாருக்கும் இசிஜி. குடும்பத்துல சின்ன வயசுல காரணம் தெரியாம யாராவது தூக்கத்துலயோ கிணத்துலயோ செத்துப்போயிருக்காங்களான்னு பாட்டிகிட்ட கேளுங்க, "நல்லா நீச்சல் தெரிஞ்சவன்தான், எப்படி முங்கினான்னே தெரியல"ன்னு ஒரு கதை வந்தா அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்கற அசித்ரோமைசின், வாந்திக்குப் போடற டோம்பெரிடோன் மாதிரி மாத்திரைங்க க்யூடியை இன்னும் நீட்டும், அதுவும் கூடாது.

கேள்வி: 18 வருஷமா சுகர் இருக்கு. சும்மா உக்காந்திருந்தாலும் நாடி 104. ரத்த சோகை, தைராய்டு இல்லன்னுட்டாங்க. நடந்தாலும் பெருசா கூடல, படுத்தாலும் குறையல. எழுந்து நின்னா தலை சுத்துது.
— வாசகர், கும்பகோணம்

பதில்: சுகர் கால் நரம்பை அரிக்கும்னு தெரியும், இதய நரம்பையும் அரிக்கும்னு யாரும் சொல்றதில்ல. தானியங்கு நரம்புகள்லயே ரொம்ப நீளமானது வேகஸ், அதான் முதல்ல அடி வாங்குது. கயிறு அறுந்த மாடு தன் வேகத்துல, கிட்டத்தட்ட 100ல, நடக்குது. ஒரு எளிய டெஸ்ட் இருக்கு: இசிஜி ஓடிக்கிட்டு இருக்கும்போது நிமிஷத்துக்கு ஆறு தடவை ஆழமா மூச்சு விடச் சொல்லுவாங்க, இழுக்கும்போது துடிப்பு கூடணும், விடும்போது குறையணும், வித்தியாசம் 15க்கு மேல இருந்தா நல்லது, 10க்குக் கீழ போனா நரம்பு கெட்டிருக்கு. படுத்து ஒரு தடவை, நின்னு ஒரு தடவை பிரஷரும் பாருங்க, நின்னதும் மேல் அளவு 20 இறங்கினா அதான் உங்க தலைசுத்தல். இன்னொண்ணு, இந்த நரம்பு போனவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்தாலும் வலி தெரியாமப் போகலாம், வெறும் வேர்வையும் மூச்சு வாங்கறதும் வந்தாலே ஓடுங்க. கண்ணு ஆபரேஷனோ பல்லு ஆபரேஷனோ, மயக்க மருந்து குடுக்கறவர்கிட்ட இந்த 104ஐ முதல்ல சொல்லிடுங்க.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச்ல எச்ஆர்வி எனக்கு 31, ஃப்ரெண்டுக்கு 78. நான் செத்துடுவேனா?
— 26 வயசு ஐடி வாசகர், சென்னை

பதில்: ஒரு நாள் எல்லாரும்தான் தம்பி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இருக்கற நேரம் எவ்வளவு மாறுதுங்கறதுதான் எச்ஆர்வி, மாறறது நல்லது, கயிறு உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஆனா ஆளுக்கு ஆள், வயசுக்கு வயசு, வாட்ச்சுக்கு வாட்ச் வேற. ஃப்ரெண்டோட ஒப்பிடாதீங்க, உங்க போன மாச நம்பரோட ஒப்பிடுங்க, அதுவும் நைட் ஷிஃப்ட் முடிச்ச மறுநாள் பாக்காதீங்க. அந்த வாட்ச்ல இசிஜி எடுக்கற வசதி இருந்தா அதுதான் பிரயோஜனம், நாமக்கல்காரருக்கு ஒரு வாரம் கடன் குடுக்கலாம்.

கேள்வி: ரெண்டு வருஷம் முன்னாடி அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சிருக்கேன், வயசு 61. ஐபிஎல் பாக்கக் கூடாதுன்னு என் மருமகள் ரிமோட்டை ஒளிச்சு வச்சிருக்கா. டாக்டர் சொன்னா குடுத்துடுவா.
— வாசகர், சேலம்

பதில்: மருமகள் பயப்படறதுல நியாயம் இருக்குங்க. 2006 உலகக் கோப்பை ஃபுட்பால் நடந்தப்ப ஜெர்மனி ஆடின நாள்ல மியூனிக் பகுதியில இதய அவசரக் கேஸ்கள் சாதாரண நாளை விட 2.66 மடங்கு வந்துது, ஏற்கெனவே இதய நோய் இருந்தவங்களுக்கு இன்னும் அதிகம். 1994 ஜனவரி 17 லாஸ் ஏஞ்சலஸ்ல விடியக்காலை பூகம்பம் வந்த அன்னைக்கு திடீர் இதயச் சாவு 24, அதுக்கு முந்தின வாரத்துல ஒரு நாளைக்கு சராசரி 5 கூட இல்ல. அட்டாக் வந்த தழும்பைச் சுத்தி சிம்பதெடிக் நரம்பு தாறுமாறா முளைச்சிருக்கும், தார்க்குச்சி குத்தும்போது ஒரு இடம் துள்ளும், பக்கத்து இடம் தூங்கும், அந்த இடைவெளியிலதான் கரண்ட் வழி தவறுது. தழும்பு இருக்கறவங்களுக்கு பீட்டா பிளாக்கர் எழுதறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால எக்கோ எடுத்து இதயம் பம்ப் பண்ற அளவு எவ்வளவுன்னு பாத்துட்டு வாங்க, நல்லா இருந்தா, மாத்திரை ஒரு வேளை கூட விடாம போட்டா, பாருங்க. மேட்ச் அன்னைக்கு சிகரெட், பீர், கூட நாலு பேர் பந்தயம் கட்டறது, இதெல்லாம் இல்லாம. கடைசி ஓவர்ல நெஞ்சு அடிச்சுக்கிட்டா எழுந்து போயி மூஞ்சி கழுவிட்டு வாங்க. மருமகள்கிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க, ரிமோட்டை அவங்க கையிலயே வச்சுக்கட்டும், சூப்பர் ஓவர்னா அவங்களே அணைச்சுடட்டும்.